துரொண்ட்ஹெய்மில் இருக்கிறார்

உங்கள் பயிற்சிக் கையேட்டில் ஒரு விதி இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் தன் தவறை அறிந்தவுடன் அதைத் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி. தவறை எப்படி அறிந்துகொள்வது என்று மட்டும் அதில் எழுதவில்லை. அந்தக் கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் இதை எழுதுகிறேன்.

ஓஸ்லோவில் நீங்கள் இப்போது தொடங்கும் வேலையை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தேன். எங்கள் சனம் நோர்வேஜியச் சொல்லை அப்படியே எடுத்து எங்களைத் 'தொல்க்' என்று அழைக்கும். மருத்துவமனை, நீதிமன்றம், பொலிஸ், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் இரண்டு பேருக்கு நடுவில் இருந்து, இரண்டு பேருடைய வாயாகவும் கதைத்து, இரண்டு பேராலும் மறக்கப்படுகிற ஆள். மறக்கப்பட்டால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். நான் சொல்லப்போகும் வழக்கில் என்னை ஒருவரும் மறக்கவில்லை.

அதற்கு முன் ஒரு பழைய பகிடி. ஓஸ்லோவுக்குப் பக்கத்துத் திராமன் நகரில் ஒரு குடியேற்ற விசாரணை. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் தன் பயணத்தை விவரிக்கிறார்: "கொழும்பிலை மூண்டு கிழமை நிண்டனான்." அன்றைய மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவர் அதை, "நான் கொழும்பில் மூன்று வாரம் நின்றுகொண்டிருந்தேன்" என்று நோர்வேஜியத்தில் சொல்லிவிட்டார். உட்காராமலா என்று அதிகாரி கேட்டாராம். யாழ்ப்பாணத்தில் ஓரிடத்தில் தற்காலிகமாகத் தங்குவதை 'நிற்பது' என்போம். குடியிருப்பதைத்தான் 'இருப்பது' என்போம். இந்த வித்தியாசம் தெரியாத மனிதரை எங்கள் தேநீர் அறையில் பல வருடம் வைத்துச் சிரித்தோம். எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தவன் நான். அவரும் கூடச் சிரிப்பார். கண்ணியமான மனிதர்.

இனி வழக்கு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

காயத்ரி திருச்சிப் பக்கத்துப் பெண். கணவர் பிரதீபன் யாழ்ப்பாணத்தவர், சிறு வயதிலேயே நோர்வே வந்து இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர், மின்சார வேலை செய்பவர். ஓஸ்லோவுக்கு அருகே லில்லெஸ்ட்ரோமில் வீடு. திருமணத்தின் பேரில் கிடைத்த வதிவிட அனுமதியை நிரந்தரமாக்கச் சொல்லி, அது முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே காயத்ரி விண்ணப்பித்திருந்தார். நேரத்துக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் அப்படியே தொடரும். சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் காலாவதியான அட்டையைப் பார்க்கிறவர்கள் சட்டத்தைப் பார்ப்பதில்லை.

அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். நிரந்தர இடம் ஒன்று அவருக்கென்று பேசப்பட்டிருந்தது. அட்டை வரட்டும், கையெழுத்து வைப்போம் என்றார் மேலாளர். கெட்ட மனிதர் அல்ல, ஒவ்வொரு மாதமும் அன்பாகவே விசாரிப்பார். அந்த அன்பான விசாரிப்புத்தான் தாங்க முடியாமலிருந்தது என்று காயத்ரி பிறகு சொன்னார். தம்பியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகவில்லை. போனால் திரும்பி உள்ளே வர விடுவார்களா என்ற பயம். விமானச்சீட்டை ரத்துச் செய்துவிட்டு, தாலி கட்டுவதைப் பேருந்தில் இருந்தபடி கைபேசியில் பார்த்திருக்கிறார். சுரங்கத்துக்குள் பேருந்து போனபோது படம் நின்றுவிட்டதாம். வெளியே வந்தபோது கட்டி முடிந்திருந்தது.

பத்து மாதம் கழித்துக் குடியேற்ற அலுவலகம் நேர்காணலுக்கு அழைத்தது. தமிழ் தொல்க், நான்.

நீண்ட நாள் காத்திருந்தவர்கள் ஓர் அவசரத்தோடு அறைக்குள் வருவார்கள். பத்து மாதத்துப் பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடப் பார்ப்பார்கள். நாமும் அந்த வேகத்துக்கு ஓடுவோம். வேகமாகப் பெயர்ப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

"உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார் அதிகாரி.

"அவரு எலக்ட்ரீஷியன் சார். ட்ரான்ட்ஹெய்ம்ல இருக்காரு. வெள்ளிக்கிழமை வருவாரு."

நான் பெயர்த்தேன்: அவர் மின்பணியாளர். துரொண்ட்ஹெய்மில் வசிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வருவார்.

துரொண்ட்ஹெய்ம் வடக்கே, ஒரு பகல் பயணத் தூரம். அதிகாரி தட்டச்சுச் செய்தார். அடுத்த கேள்விக்குப் போனார். முடிவில், விதிப்படி, எழுதியதை விண்ணப்பதாரருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். "அவர் துரொண்ட்ஹெய்மிலை இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளிலை வருவார் எண்டு எழுதியிருக்கு. சரியோ?"

"சரி சார்," என்றார் காயத்ரி. கையெழுத்து வைத்தார்.

இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். தவறைப் பிடிப்பதற்கென்றே வைத்த சோதனை அது. ஒரே சொல் அந்தப் பக்கம் போய், வேறொன்றாக மாறி, திரும்பி வரும்போது பழைய உடுப்பையே போட்டுக்கொண்டு வந்தது. அவர் சொன்ன சொல்லையே அவர் காதில் கேட்டார். ஏன் மறுக்கப் போகிறார்? நான் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சரியான நேரத்துக்கு அடுத்த வேலைக்குப் போனேன். நல்ல நாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஏழு வாரம் கழித்து ஒரு சட்டத்தரணியின் அலுவலகம் தமிழ் தொல்க் வேண்டுமென்று கேட்டது. வியாழக்கிழமை, காலை பத்து மணி. உள்ளே போனால் காயத்ரி. சட்டத்தரணி நோர்வேஜியப் பெண், நாற்பது வயது இருக்கும், நேரம் வீணாவதை விரும்பாதவர். நான் உட்காரும்போதே காயத்ரியின் கைபேசி அடித்தது. எடுத்து, "வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்," என்று சொல்லி வைத்தார். எனக்கும் கேட்டது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

சட்டத்தரணி ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். விண்ணப்பத்தை மறுக்க உத்தேசித்திருப்பதாக முன்கூட்டியே அறிவிக்கும் கடிதம். பதில் தர மூன்று வாரம். அதில் இரண்டரை வாரம் காயத்ரி சட்டத்தரணி தேடுவதில் போய்விட்டது. கடைசி நாள் திங்கட்கிழமை. "முழுவதையும் வாசித்துச் சொல்லுங்கள்," என்றார்.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கம் சட்டம். இரண்டாம் பக்கத்தில் காரணம்: தம்பதியர் சேர்ந்து வாழ்வது அனுமதிக்கு நிபந்தனை. கணவர் துரொண்ட்ஹெய்மில் வசிப்பதாகவும் வார இறுதிகளில் வருவதாகவும் விண்ணப்பதாரரே நேர்காணலில் தெரிவித்துள்ளார். வாசித்துக் காட்டியபின் ஒப்பமிட்டுள்ளார்.

"கணவர் துரொண்ட்ஹெய்மில் வசிக்கிறார் என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறது," என்றேன். கடிதத் தமிழில் சொன்னேன். தற்செயலாகத்தான்.

காயத்ரி நிமிர்ந்து பார்த்தார். "வசிக்கிறாரா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார். அங்க கேம்ப்ல அஞ்சு நாள் தங்கி வேலை பாக்குறாரு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துடுவாரு. அங்க இருக்காருன்னுதானே சொன்னேன்."

வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன். ட்ரான்ட்ஹெய்ம்ல இருக்காரு. சட்டத்தரணியின் அலுவலகத்தில் யாரும் குடியிருப்பதில்லை. என் காதுதான் யாழ்ப்பாணத்துக் காது. தற்காலிகமாக என்றால் 'நிக்கிறார்' என்றிருப்பார், 'இருக்காரு' என்றபடியால் குடியிருக்கிறார் என்று அது முடிவு செய்துவிட்டது, என்னைக் கேட்காமலே. திராமன் விசாரணையில் ஒருவரைக் கொழும்பில் மூன்று வாரம் கால்கடுக்க நிற்கவைத்தவர் நினைவுக்கு வந்தார். அவர் தவறில் ஒரு மனிதனுக்குக் கால்தான் வலித்திருக்கும்.

முதலில் என் கடமை அவர் சொன்னதைப் பெயர்ப்பது. பெயர்த்தேன். சட்டத்தரணி பெருமூச்சு விட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு 'நான் சொல்லவில்லை' என்கிறவர்களை அவர் வாராவாரம் பார்க்கிறவர்.

"கையெழுத்து இருக்கிறது," என்றார். "சொல்லவில்லை என்று வாதாடினால் நம்ப மாட்டார்கள், மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள். வேலைக்காகப் பிரிந்து வசிக்கிறார்கள், விதிவிலக்குத் தாருங்கள் என்று கேட்போம். அது நடக்கலாம்."

இந்த 'நடக்கலாம்' இருக்கிறதே, அதுதான் எனக்கு முன்னால் வைத்த நாற்காலி. உட்கார்ந்துவிடலாம். நான் வாயைத் திறக்காமலே எல்லாம் நல்லபடி முடியலாம். ஓய்வுக்கு எனக்கு இரண்டு ஆண்டு இருந்தது, பெயரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு: சட்டத்தரணியின் வழியில் போனால் அவர்கள் சேர்ந்து வாழவில்லை என்று காயத்ரியே எழுதிக் கொடுத்ததாகிவிடும். விதிவிலக்குக் கிடைக்காவிட்டால் திரும்பி வர வழி இராது. அதைச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்லக்கூடாது. அவர் தன் பெயரில் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று.

காயத்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தரணி சொன்னதை நான் இன்னும் பெயர்க்கவில்லை.

நாம் நம்மைப் படர்க்கையில் குறிப்பிட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அன்றுதான் அந்த வழக்கத்துக்கு நான் நன்றி சொன்னேன். 'நான்' என்று தொடங்கியிருந்தால் வாக்கியம் வெளியே வந்திராது.

"மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது," என்றேன் நோர்வேஜியத்தில். "அந்த நேர்காணலில் மொழிபெயர்த்தவர் இவர்தான். இவர் பிழையாக மொழிபெயர்த்தார்."

பிறகு அதையே தமிழிலும் சொன்னேன், காயத்ரிக்கு. அவர் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

சட்டத்தரணி பேனையை மேசையில் வைத்தார். "உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"அன்று முதல் தடவை. இன்று இரண்டாம் தடவை."

"அவர் கணவரை?"

"தெரியாது."

"நீங்கள் இருவரும் தமிழர்."

"ஓம். பிரச்சினையே அதுதான்."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய சந்தேகம் நியாயமானது. தன் நாட்டுப் பெண்ணுக்காக ஒரு கிழவர் ஏழு வாரம் கழித்து வாக்கை மாற்றுகிறார். வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். எங்களுக்குள் நாடே வேறு என்று விளக்க அது நேரமல்ல. இரண்டு தமிழ் வினைச்சொற்களின் வித்தியாசத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது இட்டுக்கட்டிய கதைபோல் கேட்டது.

"இதை நான் எப்படி நம்புவது?" என்றார்.

அப்போது கைபேசி மறுபடியும் அடித்தது. பிரதீபன்தான். வேலையிடத்தில் இடைவேளை, என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவரால் சாப்பிட முடியவில்லையாம். சட்டத்தரணி கையை உயர்த்தினார். "ஒலிபெருக்கியில் போடுங்கள். எங்கே என்று மட்டும் கேட்கட்டும். வேறு ஒன்றும் வேண்டாம்." அதைப் பெயர்த்தேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.

காயத்ரி கேட்டார்: "எங்க இருக்கீங்க?"

"இஞ்சை சைட்டிலை நிக்கிறன். ஏன்? என்னவாம் சொல்லினம்?"

சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காது இருந்தது. முன்னால் கிடந்த மஞ்சள் தாளில் இரண்டு ஒலிகளையும் தன் எழுத்தில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டார். மனைவி ஒரு வினையில் கேட்கிறார், கணவர் வேறொன்றில் பதில் சொல்கிறார். நான்கு வருடமாக ஒரே வீட்டில் இரண்டு சொல்லும் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. இருவருக்கும் அது ஒரு பொருட்டாகவே தெரிந்ததில்லை. நோர்வே அரசுக்குத்தான் தெரியவந்தது, அதுவும் தலைகீழாக.

"இதை எழுதித் தருவீர்களா?" என்றார் சட்டத்தரணி.

"தருவேன். ஆனால் இந்த நிமிடத்திலிருந்து இந்த வழக்கில் நான் மொழிபெயர்க்க முடியாது. வேறொருவரைக் கூப்பிட வேண்டும்."

"திங்கட்கிழமை கடைசி நாள்."

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை. வரவேற்பறையில் ஒரு தாள் வாங்கி எழுதினேன். மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் மன்னிப்பு அதிகமாக இருந்தது. குடியேற்ற அலுவலகத்துக்கு மன்னிப்பால் பயனில்லை. என்ன சொல்லப்பட்டது, நான் என்ன சொன்னேன், சரியானது என்ன, வாசித்துக் காட்டியபோது ஏன் பிடிபடவில்லை. அரைப் பக்கம். பெயர், பதிவு எண், கையெழுத்து.

வெளியே வரும்போது காயத்ரி கதவருகே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்," என்றார். "தங்கியிருக்காரா, குடியிருக்காரான்னு."

சந்தேகம் வந்தால் கேள் என்று நாம் படிப்பிக்கிறோம். எனக்குச் சந்தேகம் வரவில்லை. வேறு மொழி என்றால் கூர்ந்து கேட்டிருப்பேன். தமிழ்தானே என்று இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே எங்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கும் அறிவித்தேன். "இதைப் பேசித் தீர்த்திருக்கலாமே, எழுத்தில் கொடுத்துவிட்டீர்களே," என்றார் ஒருங்கிணைப்பாளர், உண்மையான கவலையோடு. பரிசீலனை முடியும்வரை குடியேற்ற வழக்குகள் எனக்கு இல்லை என்று ஆயிற்று. எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, வரிசையில் இருக்கிறது என்றார்கள். இந்த வசனத்தை நான் எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லியிருப்பேன். எவ்வளவு அழகாகச் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு நானும் காத்திருந்தேன். தபால்பெட்டியை ஒரு நாளில் இரண்டு தடவை திறந்தேன், தபால் ஒரு தடவைதான் வரும் என்று தெரிந்தும். வெள்ளை உறையைக் கண்டால் முதலில் அதன் தடிமனைப் பார்த்தேன். மெல்லியது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கு நானே தர்க்கம் செய்தேன். என் வீடு பறிபோகாது, வேலை முழுதாகப் போகாது, என்னை யாரும் விமானத்தில் ஏற்றப்போவதில்லை. அப்படியிருந்தும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து மாதம் அப்படி இருந்தவர் எதிரே உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசியபோது, அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுத்ததைத் திறமை என்று எண்ணியிருந்தேன். அவரைச் சற்று நிறுத்தியிருக்க வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து எனக்கு முடிவு வந்தது. மேல் நடவடிக்கை இல்லை. வட்டார வழக்கு வேறுபாடுகள் பற்றிய பயிற்சி ஒன்றுக்குப் போகுமாறு பரிந்துரை. அந்தப் பயிற்சியின் பாடக்குறிப்பை எழுதியது நான். போனேன். பின்வரிசையில் இருந்தேன். அந்தத் திராமன் மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார், விரிவுரையாளராக. இடைவேளையில் நடந்ததைச் சொன்னேன். பழைய சிரிப்புக்கு மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க, நீங்க ஒரே ஒரு தடவைதான் மாட்டினீங்க," என்றார். இதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

காயத்ரியின் வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் கூடாது. கதையின் நடுப்பக்கம் மட்டுமே நமக்குக் கிடைக்கும், முடிவு ஒருபோதும் கிடைக்காது. இந்தத் தொழிலில் இதற்குப் பழகிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வந்தவன், இந்த ஒன்றுக்கு மட்டும் பழகாமல் திரிந்தேன்.

அடுத்த மாரியில், பனி கொட்டும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஓஸ்லோ மத்திய நிலையத்தில் வண்டி மாறக் காத்திருந்தேன். வடக்கேயிருந்து வரும் வண்டி பிந்துகிறது என்று அறிவித்தார்கள். அறிவிப்புப் பலகைக்குக் கீழே, முதியோர் இல்லத்துச் சீருடைக்கு மேல் குளிரங்கி போட்டபடி, கையில் கைபேசியோடு காயத்ரி. நான் நகர்ந்து போக நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"சார், எப்படி இருக்கீங்க?"

"இருக்கிறன்," என்றேன். வேறு வினை கிடைக்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே பையைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மறுபடியும் நேர்காணல் வைத்தார்களாம், இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு. மாரிச் சப்பாத்து எந்த வீட்டில் இருக்கிறது, பல்துலக்கி எந்த வீட்டில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்களாம். நிரந்தரம். முதியோர் இல்லத்திலும் நிரந்தரம்.

"தம்பிக்கு ஒரு பையன் பிறந்திருக்கான். அடுத்த மாசம் போறோம்," என்றார். "திரும்பியும் வருவோம்."

கைபேசி ஒளிர்ந்தது. படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "அவர் டிரெயின்ல நிக்கிறார் சார்."

வெள்ளிக்கிழமை வண்டி. சனம் நெரியும். துரொண்ட்ஹெய்மிலிருந்து ஏழு மணித்தியாலம்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன்," என்றேன். "இடம் கிடைக்காமல் நிக்கிறாரோ, இல்லாட்டி சும்மா நிக்கிறாரோ?"

"உங்க ஊர் நிக்கிறார் சார்," என்றார் காயத்ரி. "ஜன்னல் சீட்டு."